கழுவாத முகங்கள்

விடிந்தும் விடியாத நேரத்தில் கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது. தகரக் கொட்டகை முழுவதும் அதிர்ந்தது. சுவரோரம் ஆணியில் மாட்டியிருந்த தண்ணீர்க் குவளைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிணுகிணுத்தன. மணல் அறைக்குள் ஆண்கள் வாயிலும் மூக்கிலும் பழந்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு ரப்பர்க் குழாயைக் கக்கத்தில் இடுக்கி நின்றார்கள். எதிரே பலகையில் புத்தம் புது ஜீன்ஸ் பேன்ட்டுகள் காலை அகட்டிப் படுத்திருந்தன. குழாயைத் திறந்ததும் மணல் சீறிக்கொண்டு பாயும். தொடையிலும் முழங்காலிலும் நீலம் வெளுத்து, பல வருஷம் பாடுபட்டவன் உடுத்தித் தேய்த்த துணிபோல ஆகும்வரை அடிக்க வேண்டும். பாடுபடாதவர்கள் கடையில் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் பழசு அது.

பேன்ட்டைப் பழசாக்கிய மணல் கூடவே ஆளையும் பழசாக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கு மட்டும் கம்பெனியில் யாருக்கும் தெரியாது, அல்லது தெரியாததுபோல இருந்தார்கள்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் பெண்கள். அடித்து முடித்த பேன்ட்டுகளின் பைகளை வெளியே இழுத்துவிட்டு, மணல் போக உதறி, ஓரம் பார்த்து மடிப்பது அவர்கள் வேலை. உதற உதறப் புகைமூட்டம்போலத் தூசி எழும்பும். பக்கத்தில் நிற்பவள் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். அந்தக் குரல்களில் எல்லாவற்றையும் மீறிக் கேட்பது ஒருத்தியுடையது. அவளை வாயாடி என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, கொட்டகை வைத்த பெயர் இது. கம்ப்ரசரோடு போட்டி போட்டுப் பேசக்கூடியவள். வார்த்தைக்கு வார்த்தை கொடுத்து வாங்குவதில் அவளிடம் ஜெயித்தவர் அந்தக் கொட்டகையில் இல்லை.

மணல் அறைக்குள் மூன்றாவது குழாய் அவள் புருஷனுடையது. ஆள் உயரம் என்பதால் நெட்டை. அவன் இருமினால் அந்த இரைச்சலில் அவளுக்குக் கேட்காது. ஆனால் மூன்றாவது குழாயின் சீறல் தடைபடும். ஒரு நொடி நிற்கும், விட்டுவிட்டுப் பாயும், மறுபடி சீராகும். அதைக் கேட்டே அவள் தெரிந்துகொள்வாள்.

"என்னங்க, குழாய் தூங்குது? ஆளும் தூங்கியாச்சா?" என்று தடுப்புக்கு மேலே குரல் கொடுப்பாள்.

முன்பெல்லாம் சுடச்சுடப் பதில் வரும். "உன் பாட்டைக் கேட்டா எவன்டி தூங்குவான்?" என்பான், உள்ளே எல்லோரும் சிரிப்பார்கள். இப்போது பதில் வருவதில்லை. பேசினால் இருமல் வந்துவிடும் என்று அவன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

வீட்டிலும் அதே கதைதான். அவர்கள் குடியிருப்பது ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி. மாடிப்படியில் பாதி ஏறியதும் நெட்டை குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வான். "வாரு கழண்டுக்குது, நீ போ, வர்றேன்" என்பான். புதுச் செருப்பு. வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். வாருக்கு ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். அவள் மேலே போய்க் கதவைத் திறந்துவைத்துவிட்டு, அடுப்படியில் நின்று அவன் காலடிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

வாரத்துக்கொரு நாள் கம்பெனிக்கு டாக்டரம்மா வருவார். அன்று கொட்டகைக்கே ஒரு களை வந்துவிடும். தொட்டி நிறையத் தண்ணீர், கட்டிக் கட்டியாகச் சோப்பு. மேஸ்திரி வெள்ளைச் சட்டைகளைக் கொண்டுவந்து கொடுப்பார். டாக்டரம்மா பார்த்து முடித்ததும் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இது கம்பெனியின் தந்திரம் என்று மட்டும் சொன்னால் பாதிதான் உண்மை. முகத்தையும் கழுத்தையும் தேய்த்துக் கழுவி, நகத்திடுக்கு மணலைக் குச்சியால் நோண்டியெடுத்து, தலையைப் படிய வாரிக்கொண்டு போனது அவர்கள் விருப்பப்பட்டுத்தான். படித்த பெரிய மனுஷி முன்னால் புழுதியும் வேர்வையுமாகப் போய் நிற்பதா? அவருடைய மேசையை அழுக்காக்குவதா? தினமும் மூக்கு முட்ட மணல் தின்றவர்கள், கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள்போலப் பளிச்சென்று போய் வரிசையில் நின்றார்கள்.

டாக்டரம்மாவின் அறை முன்வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. கார் தெருமுனையில் திரும்பும்போதே கம்ப்ரசரை நிறுத்திவிடுவார்கள். பின்பக்கத்து மணல் அறையை அவர் பார்த்ததில்லை. அந்தச் சத்தத்தைக்கூடக் கேட்டதில்லை.

அன்று நெட்டையோடு வாயாடியும் உள்ளே போனாள். சொல்ல வேண்டியதையெல்லாம் வழி நெடுகப் பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். மேஸ்திரி வழக்கம்போல டாக்டரம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இவருக்கு என்ன பண்ணுது?" டாக்டரம்மா கேட்டது மேஸ்திரியிடம்.

"சளிங்கம்மா. எப்பவும் உள்ளதுதான். புகை பிடிக்கிறவன்."

நெட்டை புகையை விட்டு வருஷக்கணக்காகிறது.

"ராத்திரியில இருமல் இருக்கா?"

"லேசா இருக்குங்கம்மா" என்றார் மேஸ்திரி, என்னவோ பக்கத்தில் படுத்திருந்து கேட்டவர்போல.

டாக்டரம்மா நெட்டையின் முதுகில் குழலை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். அவன் பாதி இழுத்து நிறுத்திக்கொண்டான். அவன் வாயில் ஒரு மிட்டாய் இருந்தது. வரிசையில் நின்ற எல்லோர் வாயிலும் ஒன்று இருந்தது, இருமலை அடக்க. இருமியவனை "உடம்பு தேறினதும் வா" என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

"எப்படி இருக்கு?" என்று கடைசியாக அவனையே கேட்டார் டாக்டரம்மா. கை ஏற்கெனவே அடுத்த சீட்டை எடுத்திருந்தது.

"பரவாயில்லைங்கம்மா."

வாயாடியை, சொல்லு, சொல்லு என்று உள்ளே ஏதோ பிடித்துத் தள்ளியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கொட்டகையையே கலக்குகிற வாய், அந்த மேசைக்கு முன்னால் ஊமையாகிவிட்டது. "நீங்க வெளியே நில்லுங்க" என்றார் டாக்டரம்மா. இருவரும் வெளியே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி வந்தார்.

"என்ன சொன்னாங்க மேஸ்திரி?"

"வெந்நீர் குடிக்கச் சொன்னாங்க. சட்டையைக் கழட்டி மடிச்சு வை."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பாட்டுக்காரரைப் பார்க்கப் போனாள். பாட்டுக்காரர் மணல் அறையின் முதல் குழாய்க்காரர். குழாய் அடித்துக்கொண்டே துணிக்கட்டுக்குள்ளிருந்து பாடுவார், அதனால் அந்தப் பெயர். வீட்டுக்கு அனுப்பப்பட்டு வெகுநாளாயிற்று. இப்போது தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் கவிழ்ந்தபடி உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று பயம். பேச அவரால் முடியவில்லை. அவர் மனைவிதான் பேசினாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். காசநோய்னு சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. மாசக்கணக்கா முழுங்கினாரு. ஒண்ணும் கேக்கலை. அப்புறம் வேற ஒரு டாக்டர் வந்து, என்ன வேலை பார்த்தாருன்னு விசாரிச்சாரு."

"முன்னாடி இருந்தவங்க விசாரிக்கலையா அக்கா?"

"கேட்டாங்க. நான்தான் தையல் கம்பெனின்னு சொன்னேன்." அவள் முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாம எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்? பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட, வீடு வாடகைக்குக் கேக்குறப்போ, தையல் கம்பெனின்னுதானே சொல்றோம்? மணல் அடிக்கிறாருன்னு சொன்னா யாரு மதிக்கிறா? அந்த வாய்ப்பழக்கத்துல டாக்டர்கிட்டயும் அதையே சொல்லிட்டேன். ரெண்டாவது டாக்டர்கிட்ட இவரே மணலைப் பத்திச் சொன்னாரு. அவரு பேனாவைக் கீழே வெச்சுட்டாரு. முதல்லயே சொல்லியிருக்கலாமேன்னாரு. திட்டலை. அதான் எனக்குத் தாங்கலை."

பாட்டுக்காரர் தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். அழாதே என்பதுபோலக் கையசைத்தார். அதற்கே அவருக்கு மூச்சிரைத்தது.

வாயாடி வீட்டுக்கு வந்ததும் நெட்டையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அடுத்த தடவை டாக்டரம்மாகிட்ட மணலைப் பத்திச் சொல்லிடுங்க."

"சொன்னா வேலை போயிடும்டி."

"சொல்லாட்டி நீங்க போயிடுவீங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசி அவன் கேட்டிருக்கிறான், சண்டை போட்டுப் பார்த்திருக்கிறான். பேச்சு வராமல் அழுது பார்ப்பது அவனுக்குப் புதிது.

"நீயும்தானே கூட வந்த? நீ ஏன் சொல்லலை?" என்றான் மெதுவாக.

"எனக்கும் வாய் வரலைங்க. அந்த மேஸ்திரி மூஞ்சியைப் பார்த்தா சொல்ல வந்தது மறந்துபோகுது."

மறுநாள் உதறும் இடத்தில் அவள் பெண்களிடம் பேச்சை எடுத்தாள். ஒவ்வொருத்தியாக வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது, எல்லோர் வீட்டிலும் ஒரே கதை. ஒருத்தி புருஷன் உட்கார்ந்தபடி தூங்குகிறான். ஒருத்திக்கே சளியில் ரத்தம் வருகிறது, மேஸ்திரியிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவைத்திருக்கிறாள். உதறுகிறவர்களில் மூத்தவளான பெரியக்கா, "அந்த ஆளை வெச்சுக்கிட்டு எதைத்தான் சொல்றது? என் மாதவிலக்கு கோளாறைக்கூட அவருதான் டாக்டரம்மாவுக்குச் சொன்னாரு" என்றாள். சிரித்தார்கள். சிரித்ததும் எல்லோருக்கும் இருமல் வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மணல் அறை ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். வாயாடி, பெரியக்கா, இரண்டாவது குழாய்க்காரனான கட்டை, மூவரும் முதலாளியைப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். "என்ன வாயாடி, கூட்டம் சேர்த்துக்கிட்டு?"

"டாக்டரம்மாகிட்ட நாங்களே பேசிக்கிறோம் முதலாளி. மேஸ்திரி வெளியே நிக்கட்டும்."

"ஏன், அவர் உன் வாயைப் பொத்தினாரா?"

"பொத்தலை. எங்க எல்லாருக்கும் சேர்த்து அவரே வாயாயிட்டாரு. எங்களுக்குன்னு வாய் இருக்கே."

"அது ஊருக்கே தெரியும்." முதலாளி சிரித்தார். "இங்க பாரு, டாக்டரைக் காரு வெச்சுக் கூட்டிட்டு வர்றது நான். பக்கத்துக் கம்பெனியில எவனாவது செய்யுறானா? உங்களைப் பேசவிட்டா தலைவலின்னு ஆரம்பிச்சு மாமியார் சண்டை வரைக்கும் போவீங்க. அந்தம்மா நேரம் என்ன ஆகுறது?"

"மாமியாரோட சண்டை போட்டு நாளாச்சு முதலாளி" என்றாள் பெரியக்கா. "சண்டை போட மூச்சு வேணுமே."

முதலாளியின் சிரிப்பு நின்றது. "புரியுது. எவனோ தூண்டிவிட்டிருக்கான். மணல்லதான் சீக்கு வருதுன்னு டாக்டர்கிட்ட ஏதாவது உளறினீங்கன்னா அந்த அறையையே இழுத்து மூடிடுவேன். வாசல்ல வேலை கேட்டு ஆளு நிக்குது, மறந்துடாதீங்க."

கட்டை அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவன், நிமிர்ந்தான். "மணல்னு யாரு முதலாளி சொன்னா? நாங்க டாக்டரம்மாகிட்ட பேசணும்னுதானே கேட்டோம்?"

முதலாளி மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். "போய் வேலையைப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் கட்டை சுவரில் சாய்ந்து நின்றுவிட்டான். "அவருக்குத் தெரிஞ்சிருக்குக்கா" என்றான். "எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் வெள்ளைச் சட்டை மாட்டி அனுப்புறாங்க." வாயாடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளிமேல் வந்த கோபத்தில் பாதி அவள்மேலேயே திரும்பியது. எத்தனை தடவை புருஷனுக்கு முதுகு தேய்த்துவிட்டிருக்கிறாள், ஒரு பொட்டு மணல் தெரியக் கூடாதென்று பார்த்துப் பார்த்துக் கழுவியிருக்கிறாள்!

"இனிமே கழுவ வேண்டாம்" என்றாள்.

டாக்டரம்மா வரும் நாள் வந்தது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. சோப்பு இருந்தது. யாரும் பக்கத்தில் போகவில்லை. மிட்டாய் மட்டும் பழக்கத்தில் எல்லோர் வாயிலும் இருந்தது. மேஸ்திரி வெள்ளைச் சட்டைகளைக் கையில் அடுக்கி வைத்துக்கொண்டு கத்தினார். "என்னடா மசமசன்னு நிக்கிறீங்க? கார் தெருமுனைக்கு வந்தாச்சு!" கட்டை போய்க் கம்ப்ரசரை நிறுத்தினான். வழக்கமாக அதைச் செய்வது மேஸ்திரி. ஆண்கள் மூக்கில் கட்டிய துணியை அவிழ்க்காமல், பெண்கள் தலைத்துணியை உதறாமல், மணல் அறையிலிருந்து நேராக முன்வாசலுக்கு நடந்தார்கள். நடந்த வழியெல்லாம் மணல் உதிர்ந்தது. பேக்கிங் பகுதியில் இருந்தவர்கள் வேலையை விட்டு எழுந்து பார்த்தார்கள். அவர்களில் சிலர் பின்னாலேயே வந்தார்கள்.

அறை வாசலில் மேஸ்திரி கையை விரித்து மறித்தார். பெரியக்கா அவர் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அவர் மறித்து என்ன ஆகப்போகிறது?

டாக்டரம்மா திடுக்கிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "என்ன இது? யாரு நீங்கள்லாம்?"

வாரா வாரம் பார்த்த முகங்கள்தான். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முடியும் புருவமும் சாம்பல் பூத்து, கண் மட்டும் சிவந்து தெரிந்த அந்த ஆட்களை அவர் இதற்குமுன் பார்த்ததே இல்லை.

"சுத்தமில்லாத ஜனங்கம்மா, சொன்னா கேக்குறதில்ல" என்று மேஸ்திரி உள்ளே பாய்ந்து வந்தார். "இதோ அனுப்பிடுறேன்."

வாயாடி மேசைக்கு முன்னால் நின்றாள். பாழாய்ப்போன நாக்கு இன்றைக்கும் ஒட்டிக்கொண்டது. பாடம் செய்ததெல்லாம் பறந்துபோயிற்று. பின்னால் ஒரு கை அவள் முதுகைத் தொட்டது. பெரியக்காவா, வேறு யாராவதா, தெரியவில்லை. அவள் தலைத்துணியை அவிழ்த்தாள். மேசைமேல், டாக்டரம்மாவின் வெள்ளைத் தாளின்மேல், நைசான மணல் சரசரவென்று கொட்டியது.

டாக்டரம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்தார். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தார். "என்னது இது?"

"அது ஒண்ணுமில்லங்கம்மா" என்றார் மேஸ்திரி.

"நான் உங்களைக் கேக்கலை." டாக்டரம்மா வாயாடியை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. இங்க என்ன வேலை பார்க்குறீங்க?"

அவ்வளவுதான். அடைத்திருந்தது உடைத்துக்கொண்டது. மணல் அறையை, குழாயை, உதறுவதை, மிட்டாயை, மாடிப்படியில் செருப்பு வாரை, பாட்டுக்காரரின் தலையணையை, எல்லாவற்றையும் அவள் சொன்னாள். முன்னும் பின்னுமாகச் சொன்னாள். விட்ட இடத்தில் பெரியக்கா எடுத்துக் கொடுத்தாள். நேரமாகிறது என்று டாக்டரம்மா ஒருதடவைகூடச் சொல்லவில்லை. முடித்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருந்தேனே. எடுத்தீங்களா?"

"எக்ஸ்ரேவா? எங்ககிட்ட எப்பம்மா சொன்னீங்க?"

டாக்டரம்மா மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி கையிலிருந்த வெள்ளைச் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெந்நீர் குடிக்கச் சொன்னதாத்தான் சொன்னாரு" என்றாள் வாயாடி.

"தப்பு என்மேலயும் இருக்கு" என்றார் டாக்டரம்மா. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "மணல் நுரையீரலுக்குள்ள போனா திரும்பி வராது. போனதை எடுக்க மருந்து இல்ல. பொய் சொல்ல விரும்பலை. இனிமே உள்ளே போகாம பார்த்துக்கணும். எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்கணும். அந்த அறையையும் நான் இன்னைக்கே பார்க்கணும்."

யாரோ ஒருத்தி விம்மினாள். வாயாடி மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். மருந்து இல்லை என்ற சொல் அவள் காதுக்குள்ளேயே நின்றது. ஆனால் முதன்முதலாக ஒரு உண்மையை அவள் முகத்தைப் பார்த்து ஒருவர் சொல்லியிருந்தார்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். "டாக்டர், இது கம்பெனி விவகாரம். நீங்க உங்க வேலையை மட்டும் பாருங்க. இல்லேன்னா அடுத்த வாரத்துலேருந்து நான் வேற ஆளைப் பார்த்துக்க வேண்டியிருக்கும்."

டாக்டரம்மாவின் கை மேசையோரம் இருந்த பையின்மேல் போய் நின்றது. எழுந்து போய்விடுவார் என்றுதான் வாயாடி நினைத்தாள். அவரும் சம்பளத்துக்கு வருகிறவர்தானே. பிறகு அந்தக் கை பையைத் தரையில் இறக்கி வைத்தது.

"அடுத்த வாரம் யாரு வேணும்னாலும் வரட்டும். இன்னைக்கு நான் இருக்கேன். நீங்களும் மேஸ்திரியும் கொஞ்சம் வெளியே நில்லுங்க."

"அடுத்த வாரம் யாரு வந்தாலும் நாங்க இப்படியேதான் வருவோம் முதலாளி" என்றாள் வாயாடி. "கழுவ மாட்டோம்."

"கம்ப்ரசரை எவன்டா நிறுத்தினது? போய்ப் போடு!" முதலாளி கத்தினார். கட்டை வாசற்படியில் உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் இன்னொருவன் உட்கார்ந்தான். நடை நெடுக ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பேக்கிங்கிலிருந்து வந்தவர்களும், சுத்தமான துணி அழுக்காகுமே என்று பார்க்காமல், மணலின்மேல் உட்கார்ந்தார்கள். நாளைக்கு யார் பெயரைப் பட்டியலிலிருந்து அடிப்பார்கள், யாரை வாசலோடு திருப்பி அனுப்புவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. முதலாளி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மேஸ்திரி சட்டைகளோடு கதவுக்கு வெளியே நின்றார்.

டாக்டரம்மா நெட்டையைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். அந்த அறையில் நோயாளிக்கு நாற்காலி போட்டது அன்றுதான். அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, அவன் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்கு என்ன பண்ணுது?"

"பரவா..." என்று பழக்கத்தில் தொடங்கினான் நெட்டை. பாதியில் நிறுத்தினான். திரும்பி வாயாடியைப் பார்த்தான். அவள் கையை நீட்டினாள். அவன் வாயில் கட்டியிருந்த துணியைக் கீழே இழுத்து, மிட்டாயை அவள் உள்ளங்கையில் துப்பிவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினான். வெகுநாளாக அடக்கி வைத்திருந்தது, அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, உடம்பையே உலுக்கிக்கொண்டு வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தபோது மறுபடி வந்தது. அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

வாசற்படியில் கட்டையும் துணியை இறக்கித் தன் மிட்டாயைத் துப்பினான். அவனும் இருமினான். பெரியக்கா இருமினாள். நடை நெடுக உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக, அடக்காமல், வாயைப் பொத்தாமல், வாய் திறந்து இருமினார்கள். கம்ப்ரசர் ஓடாத அந்தக் கொட்டகையில் அந்தச் சத்தம் முன்வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் கேட்டது.